குடும்பத்துக்கு ஒரு பாய்

கும்பகோணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டும் டிரில்லும் சொல்லிக்கொடுக்கிறவளுக்குப் பம்பாயில் என்ன ஜோலி என்று எங்கள் தெருவில் கேட்காதவர்கள் இல்லை. கோலாட்டம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்றேன். "இதுக்கா அத்தனை தூரம்?" என்று சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. நான் திரும்பி வரும்வரை அவரே பொங்கிச் சாப்பிட வேண்டும். சிரிப்பு எங்கிருந்து வரும்?

என்னை அழைத்தவள் என் சித்தி பெண் பாகீரதி. கல்யாணமாகி மாதுங்காவுக்குப் போனவள், அங்கே தமிழர் சபை ஒன்றில் மாதர் பகுதிக்குக் காரியதரிசியாக இருந்தாள். சபையில் வருஷம் முழுக்கச் சங்கீதக் கச்சேரி. ஆண்கள் முன்னால் நாற்காலிகளில் இருப்பார்கள், பெண்கள் சுவரோரம், குழந்தைகள் வெளி வராந்தாவில் ஓடிப்பிடித்து விளையாடும். அங்கே பிறந்து வளர்கிற குழந்தைகளுக்கு நம் பாட்டோ ஆட்டமோ தெரியவில்லை, அப்பாவும் அம்மாவும் குழந்தைகளும் ஒரே இடத்தில் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கும்படியாக மாதம் ஒரு ஞாயிறு வேண்டும் என்று அவள் கமிட்டியோடு வெகுநாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரே ஒரு ஞாயிறு கொடுத்தார்கள். அது ஒழுங்காக நடந்தால்தான் அடுத்தது. இல்லாவிட்டால் அந்தப் பேச்சையே இனி எடுக்கக் கூடாது. "நீ வந்து பின்னல் கோலாட்டம் போட்டுக்கொடுத்தால் நான் பிழைத்தேன்" என்று எழுதியிருந்தாள்.

பின்னல் கோலாட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. உத்தரத்திலிருந்து வண்ணக் கயிறுகள் தொங்கும். ஒவ்வொரு பெண்ணும் ஒரு கயிற்றை ஒரு கையிலும் கோலை மறு கையிலும் வைத்துக்கொண்டு, ஒருத்திக்கு உள்ளே ஒருத்திக்கு வெளியே என்று புகுந்து ஆடிவந்தால் மேலே ஜடை போலப் பின்னல் விழும். திருப்பி ஆடினால் பிரியும். ஒருத்தி வழி தப்பினால் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள்.

ரயிலில் பெண்கள் வண்டியில் கோல்களைக் கட்டாகக் கட்டிக் காலடியில் வைத்திருந்தேன். எதிர்ப்பலகையில் திருநெல்வேலிப் பக்கத்து அம்மாள் ஒருத்தி இருந்தாள். பெயர் இசக்கியம்மாள். புருஷனுக்குத் தாராவியில் லேத் பட்டறையில் வேலை. தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்புகிறாள். வழியில் ஏறிய வடக்கத்தி அம்மாள் ஒருத்தி என் கட்டையே வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு இந்தியில் என்னவோ கேட்டாள்.

"இம்புட்டும் ரொட்டி உருட்டுத கட்டையா, ஒங்க வீட்டுல எத்தன பேரு ரொட்டி போடுவாவன்னு கேக்கா, தாயி," என்று இசக்கியம்மாள் சொல்லிவிட்டு, தானே விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான் எழுந்து, நடைபாதையில் இடம் பண்ணிக்கொண்டு, இரண்டு கோலை எடுத்துத் தட்டி இரண்டடி ஆடிக் காட்டினேன். வடக்கத்தி அம்மாள் கைதட்டினாள். அதற்குப் பிறகு அந்த வண்டியில் எனக்கு ராஜமரியாதைதான். நான் கட்டிக்கொண்டு போன தயிர்சாதம் மறுநாளே புளித்து நுரைத்துவிட்டது. இசக்கியம்மாள் புளிச்சோறும் எள்ளுத் துவையலும் எடுத்து நீட்டினாள். எங்கள் அம்மா பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

பம்பாய்க்கு முன்னால் கல்யாண் ஸ்டேஷனில் ஆபீசுக்குப் போகிற கூட்டம் திமுதிமுவென்று ஏறியது. கையில் சாப்பாட்டு டப்பாவோடு இரண்டு பெண்கள். ஒருத்தி "நேத்திக்கு அம்மா என்ன சொன்னான்னா" என்று நம் தமிழில் ஆரம்பித்து, பாதியில் இந்திக்குத் தாவி, இங்கிலீஷில் முடித்தாள். மற்றவள் கொஞ்சம்கூடத் திகைக்காமல் பதில் சொன்னாள். மூன்று பாஷைக்கும் சேர்த்து எனக்குப் புரிந்தது அம்மா மட்டும்தான்.

தாதரில் இறங்கும்போது இசக்கியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தாராவிப் பக்கம் வந்தியன்னா பட்டறைத் தெருவுல இசக்கின்னு கேளுங்க, யாருன்னாலும் காட்டுவாவ," என்றாள். சும்மா உபசாரத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

மாதுங்காவில் முதல் நாள் காலை எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. இத்தனை தூரம் வந்து பார்த்தால் வாழையிலைக்கட்டு, மல்லிகைப்பூ, முருங்கைக்காய், காபி வாசனை! எதிர்வீட்டில் யாரோ சுப்ரபாதம் சொல்கிறார்கள். கும்பகோணத்திலேயே பக்கத்துத் தெருவுக்கு வந்த மாதிரி இருந்தது. சாப்பாட்டு வேளையில்தான் ஊர் வேறு என்று தெரிந்தது. ரேஷன் அரிசி பாதி வாரத்துக்குக் காணாது. மீதி நாளெல்லாம் கோதுமை. பாகீரதி சப்பாத்தியைப் பிய்த்து ரசத்தில் ஊறப்போட்டு வைத்தாள். அது ஒன்றும் மோசமில்லை என்று இரண்டாம் நாள் ஒப்புக்கொண்டேன்.

வீடு இரண்டே அறை. ராத்திரி ஆனால் பாகீரதியின் பெண் ஜெயா, "பெரியம்மாவுக்கு சட்டாய் எங்கே போடறது?" என்பாள். சட்டாய் என்றால் இந்தியில் பாய். அந்த ஊரில் பிறந்த குழந்தைகள் எல்லாம் அப்படித்தான் சொல்லுகின்றன. காலையும் மாலையும் ஸக்குபாய் என்று ஒரு மராத்திய அம்மாள் பாத்திரம் தேய்க்க வருவாள். எங்கள் மடிசாருக்குத் தூரத்து உறவு போன்ற புடவைக்கட்டு. ஆனால் அதில் அவளுக்கு இருந்த சுறுசுறுப்பு நமக்கு வராது. நின்ற இடத்தில் நிற்க மாட்டாள், நடந்தால் ஓட்டம்.

ஒத்திகை மொட்டைமாடியில் நடந்தது. துணி உலர்த்தும் இரும்புக் கம்பத்தில் கயிறுகளைக் கட்டினோம். "வலது பக்கம் புகு, இடது பக்கம் வா" என்று நான் கத்தினால் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "ரைட், லெஃப்ட் சொல்லுங்கோ பெரியம்மா," என்றாள் ஜெயா. தாளத்துக்கு "ஏக், தோ, தீன்" என்று எண்ணிக்கொண்டார்கள். பாட்டை ஒருத்தி இந்தி எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். ஒருத்தி இங்கிலீஷ் எழுத்தில். ஆனால் வாயைத் திறந்து பாடினால் சுத்தமான தமிழ். எழுதத் தெரியாத பாஷையை இவ்வளவு அழகாகப் பாட முடியுமா என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

பிறகு அழைப்பு அச்சடிக்கும் வேலை. சபை ஹாலில் நாற்காலி போட்டால் பழையபடி ஆண்கள் முன்னால், பெண்கள் ஓரத்தில் என்று ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு குடும்பமும் வீட்டிலிருந்து ஒரு பாய் கொண்டுவந்து விரித்து, அதில் சேர்ந்து உட்கார வேண்டும் என்பது பாகீரதியின் யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் அவள், "குடும்பத்துக்கு ஒரு சட்டாய் கொண்டு வரவும்" என்று எழுதிவிட்டாள்.

"ஏண்டி, நம்ம பாட்டு ஆட்டமெல்லாம் குழந்தைகளுக்குக் காட்டறேன்னு கூப்பிடறே. அந்த அழைப்பிலேயே சட்டாயா? பாய்னு எழுது," என்றேன்.

"சரிக்கா," என்று அடித்து எழுதினாள். "குடும்பத்துக்கு ஒரு பாய் கொண்டு வரவும்." இன்றைக்கும் சொல்கிறேன், நான் திருத்தியது சரியான தமிழ்.

அழைப்பை எடுத்துக்கொண்டு சபைத் தலைவரைப் பார்க்கப் போனோம். அனந்தராமய்யர் என்று பெயர். பாலக்காட்டுக்காரர், ரயில்வே கணக்கில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்ந்தவர். மூடிய கழுத்துக் கோட்டும் குடையுமாக எங்கோ புறப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் வீட்டு மாமி உள்ளேயிருந்து மோர் கொடுத்துவிட்டுக் கதவோரமே நின்றுகொண்டாள்.

"யாரையொக்க விளிச்சிருக்காய்?" என்று கேட்டார்.

"மாதுங்கா, வடாலா, செம்பூர். தாராவியிலேயும் நம்ம ஜனங்கள் நிறைய இருக்கா, மாமா. அவாளையும் கூப்பிடலாம்னு."

"தாராவியோ? அவாளுக்குக் கச்சேரி பிடிக்குமோ?"

"இது கச்சேரி இல்லையே மாமா."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேட்டுக்கோ பாகீரதி. ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை. கூச்சலும் கலாட்டாவும் ஆச்சுன்னா அதோட மதி, நிறுத்திக்கணும். அப்புறம் என்கிட்ட வரப்படாது," என்றார்.

செம்பூருக்குப் போய் அழைத்தது ஒரு தனிக் கதை. பஸ்ஸுக்கு நிற்கிற வரிசைக்கு க்யூ என்று பெயர். யார் கண்காணிக்கிறார்கள் என்று சுற்றுமுற்றும் பார்த்தேன், ஒருவருமில்லை. ஆனாலும் ஒருத்தர் பின்னால் ஒருத்தர் நிற்கிறார்கள்! எங்கள் ஊரில் கோவில் பிரசாதத்துக்குக்கூட இப்படி நின்றதில்லை. எனக்கு முன்னால் நின்ற சிந்தி அம்மாள் பிரிவினையில் வீடு வாசல் விட்டு வந்து முகாமில் இருக்கிறவளாம். அப்பளக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, என் தலைப்பூவைத் தொட்டுப் பார்த்து, "நன்றாக இருக்கிறது" என்று சைகையாலே சொன்னாள். பாதி கிள்ளிக் கொடுத்தேன். செம்பூரில் வீடுகளைச் சுற்றி மரமும் கொல்லையும் உண்டு. அங்கே கைக்குழந்தையோடு இருந்த ஒரு சின்னப் பெண், "நிஜமாவே குழந்தையைத் தூக்கிண்டு வரலாமா? அழுதா வெளியே போகச் சொல்ல மாட்டேளே?" என்று நாலு தரம் கேட்டாள். கல்யாணமானபின் அவள் எந்தக் கச்சேரிக்கும் போனதில்லையாம்.

மறுநாள் கோட்டைப் பக்கம் போய்க் கடைவீதியெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது என் சாமர்த்தியத்தைக் காட்டுகிறேன் என்று நான் ஒருத்தியாக ரயிலேறினேன். மாதுங்கா என்று பலகையைப் பார்த்து இறங்கினால் நான் பார்த்த மாதுங்காவே இல்லை. பூக்கடையைக் காணோம், காபி ஹோட்டலைக் காணோம். அந்த ஊரில் இரண்டு ரயில் கம்பெனி, இரண்டு தண்டவாளம், இரண்டு மாதுங்கா. ஒரு பார்ஸிக் கிழவர் எனக்காகத் தம் வண்டியைத் தவறவிட்டு, பாலம் வரை கூடவே நடந்து வந்து வழி காட்டினார். "தினம் யாராவது ஒரு மதராஸி இங்கே தொலைந்து போகிறார்கள், அவர்களைத் திருப்பி அனுப்புவது என் வழக்கம்" என்று எனக்குப் புரியும்படி மெதுவான இங்கிலீஷில் சொன்னார். நான் தொலைந்து போனதில் அவருக்கு உள்ளூர சந்தோஷம்தான் என்று பட்டது.

தாராவிக்கு நானும் பாகீரதியும் நடந்தே போனோம். தோல் பதனிடும் நாற்றம் தூரத்திலேயே எதிர்கொண்டது. பாகீரதி தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கொஞ்சம் உள்ளே போனதும் அதையும் மீறி முறுக்கு வேகும் மணம். இசக்கி என்று கேட்டவுடன் மூன்று பேர் வழி காட்ட வந்தார்கள். உபசாரத்துக்குச் சொன்னவள் இல்லை அவள்.

"அய்ய, தாயி! நெசமாவே வந்துட்டியளே!" என்று ஓடிவந்து உள்ளே இழுத்துக்கொண்டாள். ஒரே அறை. அதற்குள் அவள் நாத்தனார், கொழுந்தன் பெண்டாட்டி, பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். பாகீரதி டம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு குடித்தாள். அழைப்பைப் படித்துக் காட்டினோம்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நாத்தனார் மெள்ளக் கேட்டாள்: "அந்த ஆலுக்குள்ளயா? எங்களையும் சேத்துத்தான் சொல்லுதியளா?"

"உங்களையும் சேர்த்துத்தான்," என்றாள் பாகீரதி. அந்தக் கேள்வி எனக்கு வலித்தது. நவராத்திரிக்கு நவராத்திரி அந்த ஹாலின் வாசலில் நின்று பாட்டைக் கேட்டுவிட்டுத் திரும்புவார்களாம்.

"பாயிதான கொண்டாரணும்? அதுக்கென்ன, கக்கத்துல சுருட்டி வச்சிட்டு வந்துருதோம்," என்றாள் இசக்கியம்மாள். "ஆனா தாயி, எங்களுக்குக் கும்மிதான் தெரியும்."

"கும்மி போதும்," என்றேன்.

ஞாயிறு வந்தது. சாப்பாடு ஆனவுடனேயே நானும் பாகீரதியும் போய்க் கயிறுகளை உத்தரத்தில் கட்டிவிட்டுக் காத்திருந்தோம். ஹால் பளிச்சென்று காலியாக இருந்தது. முதலில் மாதுங்காக்காரர்கள் வந்தார்கள். பட்டுப்புடவையும் வைரத்தோடுமாக மாமிகள், கோட்டுப் போட்ட மாமாக்கள், ரிப்பன் கட்டிய குழந்தைகள். வந்தவர்கள் உட்காரவில்லை. சுவரோரமாக நின்றார்கள். இன்னும் வந்தார்கள், இன்னும் நின்றார்கள். ஒருவர் கையிலும் பாய் இல்லை. ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பின்னால் ஒரு மராத்திய வேலைக்காரி நின்றாள். வராந்தா பூராவும் பச்சைப் புடவையும் கறுப்புமணியுமாக அவர்கள் கூட்டம். பாகீரதி வீட்டு ஸக்குபாயும் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்து நின்றாள். சிலபேர் தங்கள் குழந்தைகளையும் இடுப்பில் கொண்டுவந்திருந்தார்கள்.

நான் ஒரு மாமியிடம் போய், "பாய் எங்கே மாமி?" என்றேன்.

"இதோ நிக்கறாளே!" என்று வாசலைக் காட்டினாள் மாமி. "சாந்தாபாய். ஞாயித்துக்கிழமை அவளுக்கு லீவு, ஆனாலும் நீங்க எழுதியிருந்தேளோன்னோ, கெஞ்சிக் கொண்டுவந்திருக்கேன்."

எனக்குத் தலை சுற்றியது. பாத்திரம் தேய்க்கிறவளுக்கு அந்த ஊரில் பெயர் பாய்! மராத்தியில் பாயி என்றால் அம்மாள் என்று மரியாதை. மாதுங்கா தமிழில் அது வேலைக்காரி. தரையில் விரிப்பதோ சட்டாய். போதாக்குறைக்குப் பாலக்காட்டுத் தமிழில் மனிதர்களையும் 'கொண்டுவருவார்கள்'. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளக் குடும்பத்துக்கு ஒரு வேலைக்காரியை அழைத்துவரச் சொல்லியிருக்கிறோம், எவ்வளவு யோசனையான ஏற்பாடு என்று எல்லாரும் பாராட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாகீரதியின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். "போச்சுக்கா, எல்லாம் போச்சு," என்றாள். கண்ணில் ஜலம் நின்றது. வாசலில் அனந்தராமய்யர் குடையை ஊன்றிக்கொண்டு கூட்டத்தை ஏற இறங்கப் பார்த்தார். அவருடைய மாமி பத்தடி பின்னால். ஸக்குபாய் என்னிடம் வந்து மராத்தியில் ஒரே வார்த்தை கேட்டாள். ஜெயா சொன்னாள்: "என்ன வேலைன்னு கேக்கறா, பெரியம்மா."

அந்தச் சமயத்தில்தான் தாராவிக்காரர்கள் வந்தார்கள். எல்லார் கக்கத்திலும் சுருட்டிய கோரைப்பாய். குளித்துத் தலைவாரி, குழந்தைகளுக்குப் பவுடர் பூசி, பட்டறை ஆட்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். உள்ளே நிற்கிற பட்டுப்புடவைகளைப் பார்த்ததும் வாசற்படியிலேயே தயங்கிவிட்டார்கள்.

"எங்ஙன விரிக்கட்டும் தாயி?" என்றாள் இசக்கியம்மாள்.

நான் நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, ரயிலில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தாள். தன் ஆட்களிடம் திரும்பி, "ஏளா, விரிங்க எல்லாத்தையும்! அவிய பாயின்னா வேலக்காரின்னு நெனச்சுட்டாவளாம்," என்று சொல்ல, ஹாலெங்கும் பாய்கள் சடசடவென்று விரிந்தன. "வாங்க, வந்து இரிங்க. எம்புட்டு நேரம் நிப்பிய?" என்று மாதுங்காக்காரர்களைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

ஒருவரும் நகரவில்லை. நான் பாகீரதியின் கையைப் பிடித்துக்கொண்டேன். முதலில் வந்து உட்கார்ந்தவள் செம்பூர்ப் பெண். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு. கைக்குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு, "அப்பாடா" என்று காலை நீட்டினாள். அவள் புருஷனும் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு ஒரு மாமி, பட்டைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு ஓரமாக. பிறகு இன்னொருத்தி. குழந்தைகள் யார் பாய் என்று பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எது மாதுங்கா, எது தாராவி என்று தெரியாதபடி ஹால் நிரம்பிவிட்டது. பாய்மார்கள் மட்டும் வராந்தாவில் நின்றார்கள். இசக்கியம்மாள் போய் ஸக்குபாயையும் மற்றவர்களையும் தன் இந்தியில் அதட்டி உள்ளே அழைத்துவந்தாள்.

பின்னல் கோலாட்டம் ஆரம்பித்தது. முதல் பாட்டு வெகு ஜோர். மேலே ஜடை விழ விழ, கூட்டம் அண்ணாந்து பார்த்தது. இரண்டாம் பாட்டில் ஒருத்தி கூட்டத்தில் அப்பாவைப் பார்த்துவிட்டு லெஃப்டுக்குப் பதில் ரைட்டில் புகுந்தாள். அவ்வளவுதான். பின்னல் முடிச்சாகிவிட்டது. நான் ஸ்டூல் மேல் ஏறிப் பிரித்துக்கொண்டிருந்தேன். கீழே குழந்தைகள் கூச்சல். அனந்தராமய்யர் கடிகாரத்தை எடுத்துப் பார்ப்பது மேலிருந்து நன்றாகத் தெரிந்தது. கயிறா, நான் அவசரத்தில் இழுத்த இழுப்பில் இன்னும் இறுகிற்று.

சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாதவள் ஸக்குபாய். சாந்தாபாயைப் பார்த்து என்னவோ சொன்னாள். இருவரும் எழுந்து தலைப்பை இடுப்பில் செருகி, கைகளைக் குறுக்காகக் கோத்துக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்து, பம்பரம் சுற்றுகிறாற்போல் சுற்ற ஆரம்பித்தார்கள். வாயால் 'பக்வா பூ' என்று மூச்சை வெட்டி வெட்டி ஒரு தாளம். ஃபுகடி என்று அதற்குப் பெயராம். இசக்கியம்மாள் ஒரு நிமிஷம் பார்த்தாள். "எங்களுக்கு மட்டும் கை இல்லையா?" என்று தன் பெண்களை எழுப்பிக் கும்மி தட்ட ஆரம்பித்தாள். ஃபுகடியின் தாளத்துக்கும் கும்மியின் தாளத்துக்கும் ஒத்துவரவில்லை. அவர்கள் விட்டுக்கொடுக்கவும் இல்லை. குழந்தைகள் அதிலும் புகுந்து இதிலும் புகுந்தார்கள். செம்பூர்ப் பெண்ணும் எழுந்துவிட்டாள். குழந்தை அவள் புருஷன் மடியில். நான் ஸ்டூலில் நின்றபடியே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். முடிச்சைப் பிரிக்க வேண்டும் என்பதே மறந்துபோயிற்று. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு எங்கள் பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாவில்கூட வந்ததில்லை.

ஆட்டம் ஓய்ந்து எல்லாரும் மூச்சு வாங்கி உட்கார்ந்ததும் தொன்னையில் சுண்டலும் கேசரியும் வந்தன. அனந்தராமய்யர் அதைக் கொடுத்துவந்த சபைத் தொண்டர்களுக்கு முன்னால் வந்து, "வந்த குடும்பங்களுக்காக்கும். முறையாக் குடுக்கணும்," என்று சொல்லிக்கொண்டே பாய் பாயாகப் பார்த்து வந்தார். இசக்கியம்மாளின் பாயருகே வந்து நின்றார். அதில் அவள் புருஷன், நாத்தனார், இரண்டு மாதுங்காக் குழந்தைகள், கொழுந்தனின் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஸக்குபாய்.

"இவள் யாராக்கும்? எந்தக் குடும்பம்?" என்று ஸக்குபாயைக் காட்டிக் கேட்டார்.

ஸக்குபாய் குழந்தையை இறக்கிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தாள். இசக்கியம்மாள் அவள் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள்.

"எங்க பாயில இருக்கவுக எங்க குடும்பந்தான் அய்யா. குடுக்கச் சொல்லுங்க," என்றாள்.

அனந்தராமய்யர் குடையைக் கைமாற்றிக்கொண்டார். அப்போது அந்தப் பாயின் மறு கோடியிலிருந்து, "உக்காருங்கோன்னா. எத்தனை நாழி இப்படி நிப்பேள்? முட்டு வேதனை வேற," என்று ஒரு குரல். பார்த்தால் அவருடைய மாமி. தொன்னையும் கையுமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எப்போது வந்து உட்கார்ந்தாள் என்று ஒருவருக்கும் தெரியாது.

அவர் மாமியைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, குடையை ஊன்றி, மெல்ல மெல்ல இறங்கி மாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தொண்டர் கொடுத்த முதல் தொன்னையை வாங்கி, ஸக்குபாய் பக்கம் தள்ளினார்.

மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கல்யாண மணைக்கப்புறம் நாலு பேருக்கு முன்னால இவர் பக்கத்துல நான் உக்கார்றது இன்னிக்குத்தான்," என்று இசக்கியம்மாளின் நாத்தனாரிடம் சொன்னாள். அந்த அம்மாள் முன்பின் தெரியாத மாமியின் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தாள்.

நான் ஒருவழியாக முடிச்சைப் பிரித்தேன். பெண்கள் இரண்டாம் பாட்டை முதலிலிருந்து ஆடிப் பின்னினார்கள், திருப்பி ஆடிப் பிரித்தார்கள், ஒருத்தியும் தப்பவில்லை. இருட்டுவதற்குள் எல்லாரும் புறப்பட ஆரம்பித்தார்கள். பாய்களைச் சுருட்டினார்கள். இசக்கியம்மாளின் பாயை மட்டும் சுருட்ட முடியவில்லை. அனந்தராமய்யருக்கு எழுந்திருக்க வரவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டுவிட்டது. குடையை ஊன்றிப் பார்த்தார், வழுக்கிற்று. கடைசியில் ஒரு கையை இசக்கியம்மாளும் ஒரு கையை ஸக்குபாயும் பிடித்து, "ஏலேலோ" என்று ஒருத்தியும் மராத்தியில் என்னவோ சொல்லி ஒருத்தியும் தூக்கி நிறுத்தினார்கள்.

பாகீரதி அவருக்கு முன்னால் போய் நின்றாள். தீர்ப்புக் கேட்க நிற்கிறவள் போல நின்றாள். அவர் கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார், மூக்குக்கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டார்.

"பாகீரதி, அடுத்த மாசம் எனக்கு ஒரு நாற்காலி போட்டுடு," என்றார்.

பாகீரதி என் கையைப் பிடித்து நெரித்த நெரிப்பில் என் வளையல் ஒன்று உடைந்தது. மாமி பின்னாலிருந்து புடவையைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

"ஒண்ணு போறாது. ரெண்டாப் போடு," என்றாள்.